கீழ்த்தளத்துச் சங்கத்தைக் காலி செய்வது பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இப்போதைக்கு அதில் பின்பாதி மட்டுமே உண்மை. அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் பெண் புது வேலையில் சேர்ந்துவிட்டாளா? எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இத்துடன் ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். நம் வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் சங்கத்தைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். அப்பா வீட்டை நம் இருவர் பேருக்கும் எழுதி வைத்ததால் இருவர் கையெழுத்தும் வேண்டும். என்னுடையதைப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். போட்டு உடனே திருப்பி அனுப்பு. "பாவம்டி, விட்டுடு" என்று நீ போனில் சொல்வாய் என்பது தெரிந்தே போன் செய்யாமல் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

"சின்ன ஆபீஸ்டி, மூணே பேரு, இருக்கறதே தெரியாது, ஏதோ நல்ல காரியம் பண்றாங்க, அத்தானுக்குத் தெரிஞ்சவங்க" என்று இவர்களை என் தலையில் கட்டியவள் நீ. என்ன நல்ல காரியம் என்று நான் அப்போதே கேட்டேன். "ஏதோ வீடு சம்பந்தமா" என்றாய். வீடு சம்பந்தமாகத்தான். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் வீடு கிடைக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் நினைத்த மாத்திரத்தில் அவர்களைத் துரத்தக் கூடாது என்று போராடுகிற சங்கம் இது. மாடியில் வீட்டுக்காரி, கீழே வீட்டுக்காரர்களை எதிர்க்கிறவர்கள். என் தரைதான் அவர்களுக்குக் கூரை. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் எப்படிப் பதில் கொடுப்பது என்று வாராவாரம் என் கட்டிலுக்கு நேர் கீழே வகுப்பு எடுக்கிறார்கள். மேலே படுத்தபடி அந்த வகுப்பு முழுவதையும் கேட்டு முடித்திருக்கிறேன். ஆகவே இந்த நோட்டீஸில் ஓட்டை எதுவும் இருக்காது, தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்.

சங்கத்துச் செயலாளர் ஒருவர் இருக்கிறார். ஒல்லியான மனிதர், நல்லவர்தான், அதுதான் சங்கடமே. மூச்சுக்கு ஒரு தரம் சமத்துவம் என்பார். அதனால் நான் அவருக்குச் சமத்துவம் என்றே பெயர் வைத்திருக்கிறேன், மனதுக்குள்தான். இவர் கூட்டத்தில் நாற்காலிகளை வட்டமாகத்தான் போடுவார். வரிசையாகப் போட்டால் முன்வரிசை, பின்வரிசை என்று ஏற்றத்தாழ்வு வந்துவிடுமாம். வட்டமாகப் போட்டதில் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். தன் டம்ளரைத் தான் கழுவக்கூடாது, பக்கத்தில் இருப்பவரின் டம்ளரைத்தான் கழுவ வேண்டும் என்று இன்னொரு விதி. இதனால் கடைசியில் வந்தவரின் டம்ளர் யாருடைய பொறுப்பு என்பது இன்றுவரை தீராமல், அது என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று பேர் ஆபீஸ் என்றாயே, கூட்ட நாளில் நான் என் வீட்டுக்குள் போக வேண்டுமானால் "கொஞ்சம் வழி விடுங்க" என்று படிக்கொரு தரம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. போன மாதம் புதிதாக வந்த ஒரு பெண்மணி என்னை நிறுத்தி, "வரிசையில வாங்கம்மா, எல்லாருக்கும்தான் வீட்டுக்காரர் தொல்லை" என்றாள்.

இது போதாதென்று பேனர். ஒரு நாள் கல்லூரியிலிருந்து திரும்புகிறேன், என் பால்கனிக் கம்பியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக "வாடகைக் கொள்ளையை நிறுத்து!" என்று சிவப்பு எழுத்தில் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே நான் காலையில் உலர்த்திவிட்டுப் போன துண்டு. எதிர்வீட்டு ரிட்டயர்டு மானேஜர் வாசலில் நின்றபடி, "என்ன டீச்சர், உங்களை எதிர்த்து நீங்களே இறங்கிட்டீங்க போல" என்றார். நேரே கீழே போனேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒரு பொதுவான கோபம். உங்க மேல தனிப்பட்ட முறையில ஒண்ணும் கிடையாது" என்றார் சமத்துவம்.

"பொதுவான கோபத்தை எதுக்குங்க என் பால்கனியில கட்டறீங்க?"

"தெருவுலயே உங்க பால்கனிதான் மேடம் எல்லாப் பக்கமும் தெரியுது."

இதற்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

பேனர் எதற்கென்றால், நம் பின் தெருவில் பழைய பட்டறையை ஒட்டி ஒரு வரிசை வீடுகள் உண்டே, அவற்றை இடித்துவிட்டு உயரமாக ஏதோ கட்ட அதன் சொந்தக்காரர் அனுமதி கேட்டிருந்தார். நகரசபை இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்வதாக இருந்தது. அனுமதி கிடைத்தால் அத்தனை குடும்பமும் ஊர் எல்லைக்கு அப்பால் போக வேண்டியதுதான். அந்த வரிசையின் முதல் வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாள். அவள் கணவருக்குக் கண் பார்வை போய்விட்டது. அந்தத் தெருவுக்குள் மட்டும் மனிதர் யார் துணையும் இல்லாமல் நடப்பார். சுவரைத் தொட்டுக்கொண்டே போய்ப் பால் வாங்கி, முடி வெட்டிக்கொண்டு, அரசியல் பேசிவிட்டுத் தானாகத் திரும்பி வருவார். வேறு எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்குள் முடங்க வேண்டியதுதான். விசாரணையில் குடியிருப்பவர்கள் சார்பில் பேச அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இதெல்லாம் நான் கேட்காமலே எனக்குத் தெரியும். தரை வழியாக ஏறி வருகிறது.

இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விசாரணைக்குப் போகும் முன் ஒத்திகை பார்ப்பார்கள். யாராவது ஒருவர் வீட்டுக்காரராக நடிக்க, மற்றவர்கள் அவரை எதிர்த்துப் பேசிப் பழகுவார்கள். இந்த முறை வீட்டுக்காரர் வேடம் ஒரு வேன் டிரைவருக்கு. கதவு மாதிரி ஆள், ஆனால் மனசு வெண்ணெய். தையல்காரி "எங்க போவோம்யா நாங்க?" என்று ஒரு வார்த்தை சொன்னதுமே, "சரிம்மா, இருந்துட்டுப் போங்க, அழாதீங்க" என்று வீட்டையே கொடுத்துவிட்டார். எல்லோரும் கைதட்டுகிறார்கள்! எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கு வாத்தியாராக இத்தனை வருஷம் இருந்தவளுக்கு, நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டு "ஆகவே நிரூபிக்கப்பட்டது" என்று எழுதுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. கீழே போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று இறங்கியவள், "எந்த வீட்டுக்காரரும் இப்படி விட்டுக் கொடுக்க மாட்டார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப நீங்களே பண்ணுங்களேன் மேடம். நீங்க நிஜ வீட்டுக்காரங்க, நடிக்கவே வேணாம்" என்றார் சமத்துவம்.

எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், வட்டத்துக்கு வெளியே. உட்கார்ந்தேன். இவர்கள் மேல் எனக்கிருந்த மனத்தாங்கல் அத்தனையும் வாதமாக வந்தது. கட்டடம் பழையது, ஆபத்தானது, உங்கள் உயிர் மேல் அக்கறை இருப்பதால்தான் காலி செய்யச் சொல்கிறேன், இடிந்து விழுந்தால் பழி யார் மேல், இதைவிடப் பெரிய வீடு வெளியே தருகிறேன் என்கிறேன், வேண்டாம் என்பவர்களுக்குத் தங்கள் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லையா என்று கேட்டேன். அக்கா, நான் நடிக்கவே இல்லை. தையல்காரி அழுதுவிட்டாள். அப்புறம் அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், நாளைக்கும் வருவீங்களா?" என்றாள்.

அதிலிருந்து பிடித்தது சனி. தினம் சாயங்காலம் ஆள் அனுப்பிவிடுவார்கள். அவள் அழுதால், "அழுகை பதில் ஆகாது" என்பேன். கத்தினால், "கத்தலும் ஆகாது" என்பேன். "பின்ன எதுதான் டீச்சர் பதிலு?" என்று ஒரு நாள் கோபமாகவே கேட்டாள். "எதிராளிக்கு அடுத்த வாக்கியம் இல்லாமல் போகிறதோ, அதுதான் பதில்" என்றேன். இவர்களைத் தோற்கடித்து அனுப்பிவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று வீட்டுச் சட்டங்களை எல்லாம் நூலகத்திலிருந்து எடுத்து வந்து படித்தேன். நான் படிக்கப் படிக்க அவர்கள் தேறிக்கொண்டே போனார்கள். இது யார் தப்பு என்று சொல்.

விசாரணை நாள். நான் போயிருக்கவே மாட்டேன், ஆனால் இவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக என் குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குடையை வாங்கப் போனவள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். சொந்தக்காரரின் வக்கீல் எழுந்தார். நல்ல கோட்டு. பேச்சுதான் சகிக்கவில்லை. நகர வளர்ச்சி என்றார், அழகு என்றார், வானளாவ என்றார். அவர் கையில் இருந்த ஒரே நல்ல வாதமான ஆபத்து என்கிற வாதத்தைத் தொடவே இல்லை. தொடாமலேயே "ஆகவே" என்று சொல்லி உட்காரப் போனார். அதற்குப் பிறகு நடந்ததை என்னால் விளக்க முடியாது. எழுந்துவிட்டேன்.

"ஒரு படியை விட்டுட்டீங்க" என்றேன்.

மண்டபம் முழுவதும் திரும்பியது. நகரசபைத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்க எந்தத் தரப்பும்மா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. வக்கீல் விட்ட வாதத்தை அட்சரம் பிசகாமல் முழுதாகச் சொல்லி முடித்துத்தான் நிறுத்தினேன். வக்கீல் குனிந்து குறித்துக்கொள்கிறார். வேன் டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சமத்துவத்தின் முகத்தில் முதல் தடவையாக எனக்கென்று தனிப்பட்ட கோபம் தெரிந்தது. நானே என் கையால் அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தையல்காரி எழுந்தாள். தலைவியைப் பார்க்கவில்லை, வக்கீலைப் பார்க்கவில்லை. பழக்க தோஷம், என்னைப் பார்த்தே பேசினாள்.

"ஆபத்துன்னு சொல்றீங்க. சரி, ஆபத்துதான். ஆபத்துன்னா ரிப்பேர் பண்ணுங்க, இத்தனை நாளா வாடகை வாங்கினீங்கல்ல. ரிப்பேர் பண்ணிட்டா ஆபத்து போயிடும். ஆபத்து போயிடுச்சுன்னா நாங்க எதுக்குப் போகணும்?"

நான் வாயைத் திறந்தேன். அடுத்த வாக்கியம் இல்லை. வக்கீலைப் பார்த்தேன், அவரிடமும் இல்லை. சொந்தக்காரரே ரிப்பேர் செய்து கொடுக்க வேண்டும், முடிந்ததும் அதே குடும்பங்கள் அதே வாடகைக்குத் திரும்பி வர வேண்டும், இதை அவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நகரசபை முடிவு சொல்லிவிட்டது. ரிப்பேர் நடக்கும் வரை குடும்பங்களுக்கு இடம் பார்ப்பது சங்கத்தின் பொறுப்பு.

ஜெயித்தார்களே, இனியாவது அடங்குவார்கள் என்றா நினைக்கிறாய்? அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த நாற்காலி இப்போது எனக்கென்றே நிரந்தரமாகிவிட்டது. "இது எங்க எதிரி மேடத்தோட சீட்டு" என்று வருகிறவர்களிடம் மரியாதையாக அறிமுகப்படுத்துகிறார்கள். வேறு பேட்டைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, "அந்த வீட்டுக்காரம்மாவைக் கொஞ்சம் எங்க ஒத்திகைக்கும் அனுப்புங்க" என்று கேட்கிறார்களாம். தோற்ற வக்கீல் போன் செய்து, தன் ஆபீஸில் சேர விருப்பமா என்கிறார். இரண்டு பக்கமும் என்னைச் சங்கத்தின் எதிரி என்று நம்புவதில் மட்டும் அங்கே சமத்துவம் நிலவுகிறது. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று தெரியுமா? எனக்கு வேண்டியது அமைதி. இந்த மாடிப்படியில் இனி புதிதாக ஒரு ஜீவன் கால் வைக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வருவதாக இல்லை. மறு தபாலில் நோட்டீஸ் வந்தாக வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். படி ஏறும்போது பார்த்து ஏறச் சொல். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், சொந்த வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மணி அடித்தது. தையல்காரி. ரிப்பேர் முடியும் வரை மாடியில் பின்னறை, அதாவது உன் அறை, கிடைக்குமா என்று கேட்டாள். அவள் கணவருக்கு இந்த மாடிப்படி பழக்கம் இல்லை, விழுந்துவிடுவார் என்றேன். "கூட்டத்துக்கு வந்தப்பல்லாம் ஏறி இறங்கிப் பாத்துட்டாரு டீச்சர். கைப்பிடி நல்லா இருக்காம்" என்றாள். மெஷின் சத்தம் எனக்கு ஆகாது என்றேன். "நீங்க காலேஜுக்குப் போயிருக்கறப்பதான் தைப்பேன்" என்றாள். கடைசியாக நோட்டீஸையே எடுத்துக் காட்டினேன், சங்கமே போகப் போகிறது என்று. நின்றபடியே முழுவதும் படித்தாள். "ஓட்டையே இல்லாம எழுதியிருக்கீங்க டீச்சர்" என்று பாராட்டினாள். பிறகு, "இவங்க எதுக்குப் போகணும்? சத்தம்னா? சத்தம் எங்க வரிசைக்காகப் போட்டது. வரிசை விஷயம் முடிஞ்சிடுச்சு. சத்தம் போயிடும். சத்தம் போயிடுச்சுன்னா இவங்க எதுக்குப் போகணும்?" என்றாள். வாயைத் திறந்தேன்.

உன் அறையைத் துடைத்தாயிற்று. உன் பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நோட்டீஸை இந்த உறைக்குள் தேடாதே. நல்ல தடித்த தாளாக இருக்கிறது என்று அவள் எனக்குத் தைக்கும் ரவிக்கையின் காலருக்கு அளவுத்தாளாக வெட்டிவிட்டாள். உன் கையெழுத்துக்கு விட்ட இடம் பிடரிப் பக்கம் வருகிறது.