நடுத்தூணும் நாயகன் பேசிய இந்தியும்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது. சம்பந்தப்பட்டவர் காதில் விழுந்தால் வருத்தப்படுவார். நல்ல மனுஷன்.

அவருக்குப் பாலத்துக்காரர் என்று பேர். அரசாங்க உத்தியோகம். யாராவது பாலம் கட்டி முடித்தால், போய்த் தட்டிப் பார்த்து, 'நடக்கலாம்' என்று கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடம் ஒரு பேனா மூடிகூட வாங்கினதில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுச் சுவரில் ஒருநாள் கதவு அகலத்துக்கு ஒரு டிவி வந்து தொங்கியது. வாய்க்கால் மேல் நடைபாலம் கட்டின காண்ட்ராக்டர் மாட்டிவிட்டுப் போனது.

அந்தப் பாலத்தின் நடுத்தூணில் விரிசல். மேலே சிமெண்டைப் பூசி மறைத்திருந்தார்கள். பாலத்துக்காரருக்குத் தெரியும். அவர் தூக்கத்தில் உளறினதால் வீட்டுக்காரிக்கும் தெரியும். அவள் தையல் கடைக்குப் போகிற வழி அதுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிற வழியும் அதுதான்.

"இதைத் திருப்பி அனுப்புங்க."

"நான் என்ன லஞ்சமா வாங்கினேன்? சும்மா பார்த்துட்டுக் குடுங்கன்னு மாட்டிட்டுப் போனான்."

"எதைப் பார்த்துட்டு? டிவியையா, பாலத்தையா?"

"உனக்கு எல்லாத்துலயும் குதர்க்கம். இன்னிக்கு நல்ல இந்திப் படம். ஊழலை எதிர்த்து ஒருத்தன் மந்திரியையே அடிக்கிறான்."

"அவன் அநியாயக்காரன் மேல கை நீட்டறான். நீங்க அநியாயக்காரன்கிட்ட கை நீட்டறீங்க."

பாலத்துக்காரர் ரிமோட்டைத் தேடினார். பதில் கிடைக்காதபோது அதைத் தேடுவது புதுப் பழக்கம்.

சாயங்காலம் காண்ட்ராக்டர் வந்தார், டிவி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில். மறுநாள் கையெழுத்து. வீட்டுக்காரி சிரித்த முகமாக டீ கொடுத்து உட்கார வைத்தாள்.

"இருந்து படம் பார்த்துட்டுப் போங்க, அண்ணே. நமக்கு இந்தி தெரியாட்டி என்ன? இவருக்கு அது தண்ணி பட்ட பாடு. கல்யாணமான புதுசுலயே சொன்னார்."

சொன்னார்தான். புது மாப்பிள்ளை ஜம்பத்தில் விட்ட அளப்பு. அதை வாபஸ் வாங்க இத்தனை வருஷமாக மனசு வரவில்லை.

திரையில் மந்திரி ஒரு பெட்டியை நீட்டினான். நாயகன் மூச்சு விடாமல் பேசினான்.

"என்னங்க சொல்றான்?"

"வேண்டாம்ங்கறான்."

"இவ்வளவு நேரம் பேசினதுக்கு ஒரே ஒரு வேண்டாமா?"

"இந்தி அப்படித்தான். நீளமான பாஷை."

நாயகன் மேசையை உதைத்து, "போலோ! போலோ!" என்று கத்தினான். 'சொல்லு, சொல்லு' என்று அர்த்தமாம். எனக்கே பிற்பாடு ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

"பாலம், பாலம்ங்கறானே!" என்றாள் அவள். "உங்களுக்கும் அப்படித்தானே கேட்டுச்சு, அண்ணே?"

காண்ட்ராக்டர் நெளிந்தார். "அப்படித்தான் இருக்கு."

"பாலம்தான்" என்றார் பாலத்துக்காரர். வேறென்ன சொல்வார்?

"பாலத்துக்கு என்னவாம்?"

நாயகன் முகம் திரையை அடைத்தது. கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தாரோ என்னவோ, இவர் குரல் மாறிவிட்டது.

"நடுத்தூண்ல விரிசல்ங்கறான். பூசி மறைச்சா எனக்குத் தெரியாதாங்கறான். ஒரு பெரிய மழை போதும்ங்கறான். பிள்ளைங்க போற வழி. என் பொண்டாட்டி போற வழி. கையெழுத்தைப் போட்டுட்டு நான் எப்படிடா தூங்குவேன்ங்கறான்..."

திரையில் அதற்குள் நாயகன் ஒரு பெண்ணோடு மலைச்சரிவில் ஆடிக்கொண்டிருந்தான். இவர்தான் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

காண்ட்ராக்டர் டீயைக் கீழே வைத்தார். "சார், நேரா சொல்லியிருக்கலாமே. இப்படிப் படம் போட்டா காட்டணும்? தூணை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிடறேன்."

"அப்ப இந்த டிவி..." என்று இழுத்தார் பாலத்துக்காரர்.

"கழட்டிட்டுப் போகச் சொல்றார், அண்ணே" என்றாள் அவள். "சீக்கிரம். மறுபடி இந்தியில ஆரம்பிச்சார்னா நிறுத்த மாட்டார்."

சுவர் காலியானது. ஆணிகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. பாலத்துக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பார்த்தியா, எப்படி விரட்டினேன்! ஆனா கிளைமாக்ஸ் போச்சு. இனிமே இங்க உட்கார்ந்து நான் எதைப் பார்க்கறது?"

அவள் உள்ளே போய், முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து அந்த ஆணிகளில் ஒன்றில் மாட்டினாள்.

"இதைப் பாருங்க. இதுல வர்றவருக்கு இந்தி ஒரு அட்சரம் தெரியாது. ஆனா நல்லவரு" என்று சொல்லி, கண்ணாடியை அவர் நாற்காலிப் பக்கமாகச் சரித்து வைத்துவிட்டுப் போனாள்.