முள்ளைப் படுக்கவைத்த ஆயில் நைனா

பழவேற்காட்டில் ஆயில் நைனா கைவைத்து உருப்பட்ட கார் ஒன்றுகூடக் கிடையாது. மனிதர் படகு இன்ஜின் மெக்கானிக். அதை ஒழுங்காகத்தான் பார்ப்பார் என்கிறார்கள். தண்ணீரில் என்ன நடக்கிறதோ, அதற்கு நான் சாட்சியில்லை. ஆனால் தரையில் எந்தக் கார் பெருமூச்சு விட்டாலும் ஸ்பேனரோடு வந்து நிற்பார். கூப்பிட வேண்டியதே இல்லை.

எங்கள் தெரு வாத்தியாரின் கார் ஒருமுறை சூடாகி நின்றது. நைனா ஏரியிலிருந்து ஒரு குடம் உப்புத் தண்ணீரை மொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார்.

"ஐயோ, துருப்பிடிச்சிடுமே நைனா!" என்று அலறினார் வாத்தியார்.

"படகு இன்ஜினே இதுலதான் குளிருது. உன் வண்டிக்கு மட்டும் இன்னா, பன்னீரா வேணும்?"

அடுத்த மழைக்காலத்துக்குள் ரேடியேட்டர் சல்லடையாகிவிட்டது. 'மட்டமான தகரம்' என்று தீர்ப்புச் சொன்னார் நைனா.

என் காரை நான் அவரிடம் காட்டவில்லை. அவராகவே வந்து பார்த்தார். மனைவி கோமதிக்கு நிறைமாதம், ஆஸ்பத்திரி பொன்னேரியில். அந்தப் பயணத்துக்காகவே வாங்கிய பழைய கார் அது. கொஞ்ச தூரம் ஓட்டினாலே டெம்பரேச்சர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டில் போய் நின்றது. நைனா பானெட்டைத் திறந்தார். இன்ஜினில் செருகியிருந்த ஒரு ஒயரைப் பிடுங்கினார். முள் பொத்தென்று விழுந்தது.

"பாத்தியா தம்பி? இன்ஜின் நல்லாத்தான் கீது. முள்ளுதான் பொய் சொல்லிகினு இருந்துது."

காய்ச்சல்காரன் வாயிலிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கிவிட்டு, காய்ச்சல் போய்விட்டது என்கிற வைத்தியம்! பொன்னேரியில் நல்ல மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றிருந்தேன். மறுநாள் விடியும்போதே கோமதிக்கு வலி எடுத்துவிட்டது.

திருப்பாலைவனம் தாண்டியதும் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. வண்டி நின்றுவிட்டது. முள் மட்டும் நிம்மதியாகப் படுத்திருந்தது. கோமதி என் கையைப் பிடித்து நொறுக்கினாள். நைனாவின் பரம்பரையையே இழுத்து வைத்து நான் திட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. சாட்சாத் நைனா! காலடியில் இரண்டு கேன் தண்ணீர். அவருக்குப் பின்னால், அவர் மச்சான் ஓட்டும் ஷேர் ஆட்டோ, காலியாக.

"நீங்க எங்க இங்க?"

"வூட்லேர்ந்து உன் பின்னாலதான் வர்றேன்."

"எதுக்கு?"

"இன்னா கேள்வி இது? வண்டிய ரிப்பேர் பண்ணது நான்தானே. எனக்குத் தெரியாதா?"

அந்த வலியிலும் கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறும்மா, பாத்து ஏறு" என்று அவளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் உட்காரவைத்தார். நாங்கள் போனோம், காருக்குக் காவலாக அவர் வெயிலில் நின்றார்.

நல்லபடியாகப் பெண் பிறந்தது. காரில் ரேடியேட்டர் ஃபேனின் ஃபியூஸ் போயிருந்ததாம். முதல் கோளாறு அவ்வளவுதான். மற்றதெல்லாம் சூட்டோடு ஓட்டியதில் வந்தது. நைனாவிடம் சொன்னேன்.

"அதான் நான் அப்பவே சொன்னேனே!" என்றார். சத்தியமாகச் சொல்லவே இல்லை.

இன்றைக்கும் அவரை பானெட் பக்கம் நான் அண்டவிடுவதில்லை. ஆனால் பாப்பாவுக்கு ஊசி போட பொன்னேரி போகிற நாளில், அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.