சொல்தா வீட்டு யானையின் வால்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். முன்னது பின்னதாக வந்துவிடும். ஒரு சொல் பிசகினாலும் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி வந்து நின்று, "ஏ தையலு, எந்தக் கண்ணால பாத்தே?" என்பாள். பார்த்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்க்காததை அவள் புருஷன் இருசப்பனே பிறகு வாய்விட்டுச் சொல்லிக் கேட்டேன். இவ்வளவுதான் என் சாட்சி.

இருசப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்தவர். வைத்திக்குப்பத்தில் அவரைச் சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றால்தான் தெரியும். சண்டை முடிந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியும் நாலு வருஷம் ஆயிற்று. அவரைத்தான் சண்டை விடவில்லை. சைகோனில் ஆபீசர்கள் மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் ஆடுவார்களாம். அதைப் பார்த்து வந்தவர், களிமண்ணில் விரல் உயரத்துக்கு நூறு சிப்பாய் செய்து, ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்காரரோடு மோதுவார். சோழி உருட்டி, விழுந்த எண்ணுக்குச் சாண் சாணாகப் படையை நகர்த்த வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று: விழுந்தவன் செத்தவன்.

சிப்பாய்கள் போதவில்லை அவருக்கு. காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு இடித்து, அந்தக் கூழில் ஒரு முழ உயரத்தில் யானை செய்தார். அது சாதுவாக நாலு காலில் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. முன்னங்கால் இரண்டையும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. முதுகில் தளபதி. தளபதிக்கு இருசப்பனின் மீசை.

உச்சி சாய்ந்தால் எங்கள் பக்கம் கடல்காற்று வரும். எங்கள் வீட்டுக்காரர் அதுவரைக்கும் சோழியைக் கையிலேயே குலுக்கிக்கொண்டிருப்பார். காற்று சன்னலில் நுழையும். யானை மல்லாந்து விழும்.

"விழுந்தவன் செத்தவன்!" என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

இப்படி மூன்று ஞாயிறு. மூன்றாம் ஞாயிறு அஞ்சலாட்சி மீன் விற்றுத் திரும்பியபோது, சொல்தா யானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா, யாருக்கு உடம்பு சரியில்ல?"

"வயித்துல கல்லு போட்டுப் பாத்தேன் அஞ்சலை. அப்பவும் விழுவுது."

"தோணியில பாரத்தை அடியில போடுவாங்களா, பாய்மரத்து உச்சியில கட்டுவாங்களா? அடி அகலமா இருக்கணும். கால் கனமா இருக்கணும். என்னைப் பாரு, எந்தக் காத்தாவது தள்ளுதா?"

இருசப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஞானம் பிறந்தது.

அகலத்துக்கு வட்டமாக எதையோ கொண்டுவந்தார். வெல்லப்பாகில் சுண்ணாம்பு குழைத்து யானையை அதன்மேல் ஒட்டினார். மறுநாள் எறும்புப் படை வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டது. பிறகு தச்சனிடம் வச்சிரப் பசை வாங்கி ஒட்டினார். சுற்றிலும் கூழ் பூசி, பச்சை வர்ணம் அடித்துப் புல்வெளி ஆக்கினார்.

அதே வாரம்தான் அஞ்சலாட்சியின் செப்புத் தவலை மூடி காணாமல் போனது. தாய்வீட்டுச் சீர். அன்றிலிருந்து என்னோடு பேசும்போது அவள் கண் என் முகத்தில் இருக்காது. என் அடுக்களைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தடவும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அகலம் ஆயிற்று. கனத்துக்கு எங்கே போவது? அது தானாக வீடு தேடி வந்தது. அஞ்சலாட்சியின் தம்பி தணிகாசலம் புதன்கிழமை தன் வலையைக் கொண்டுவந்து போட்டான்.

"அக்கா, சுறா கிழிச்சிட்டுது. பத்து நாளா கட்டுமரம் கரையில கெடக்குது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடலுக்குப் போவணும். இதை உட்டா எனக்கு வேற வலை இல்ல."

வலையின் ஒரு ஓரத்தில் மிதப்புக் கட்டை. மறு ஓரத்தில் ஈயக்குண்டு. குண்டு கீழே இழுத்தால்தான் வலை தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிற்கும். இல்லாவிட்டால் பாய் மாதிரி மிதக்கும், மீன் அடியில் சிரித்துக்கொண்டு போகும். இது குப்பத்தில் பிறந்த இருசப்பனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் யானை விழுந்துகொண்டே இருக்கிறதே!

அஞ்சலாட்சி மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில், மூன்றுக்கு ஒன்றாக நாற்பது குண்டை அவிழ்த்தார். யானைக்கு வால் பக்கம் ஓட்டை போட்டு உள்ளே விட்டார். குண்டுகள் பின்னங்காலில் போய் இறங்கின. ஓட்டையை ஒயின் பாட்டில் கார்க்கால் அடைத்தார். கார்க்கில் வாலை ஒட்டினார். ஞாயிறு சண்டை முடிந்ததும் குண்டைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று நினைப்பு.

வெள்ளிக்கிழமை அஞ்சலாட்சி பெருக்கும்போது கேட்டாள்: "இன்னாய்யா, யானை உடம்பு வச்சிருக்குது? தூக்க முடியல."

"சாயம் ரெண்டு பூச்சு போட்டேன்."

"சாயமா? நல்ல சாயம்."

அன்றைக்கு அவள் கடற்கரையிலிருந்து ஒரு குடம் மணல் கொண்டுவந்தாள். பாத்திரம் தேய்க்க என்றாள். அந்த இரண்டு நாளும் அவள் வலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு. காற்று வந்தது. சிப்பாய்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். யானை மட்டும் அசையவில்லை. "அலே! அலே!" என்று பிரெஞ்சில் படையை ஏவிக்கொண்டு சொல்தா குதித்தார். எங்கள் வீட்டுக்காரர் சோழியைக் கீழே வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தணிகாசலம் உள்ளே வந்து வலையைத் தோளில் போட்டான்.

குதித்தவர் நின்றார். "அதுக்குள்ளவா? காப்பி குடிச்சிட்டுப் போ தணிகாசலம்."

"மரம் தள்ள ஆளு நிக்குது மாமா."

"வலையில இன்னும் ஒரு எடம் கிழிஞ்சிருக்குது."

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "எங்கய்யா கிழிஞ்சிருக்குது? காட்டு, பாப்போம்."

தணிகாசலம் போய்விட்டான். ஜெயித்த தளபதிக்கு வேர்த்துக் கொட்டியது. கண்முன்னே வலை பாயாக மிதந்தது. மச்சான் வெறும் மரத்தோடு கரைக்கு வருவது மாதிரித் தெரிந்தது. ஒரு நிமிஷம் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. யானையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார். பின்னாலேயே நாங்கள்.

"தணிகாசலம்! மரத்தைத் தள்ளாதே! உன் வலையில நாப்பது குண்டை நான்தான் எடுத்துட்டேன்!"

குப்பமே திரும்பிப் பார்த்தது.

"எல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்குது" என்று யானையைத் தலைகீழாகப் பிடித்து வாலைத் திருகினார்.

மணல் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. கடற்கரை மணல் கடற்கரைக்கே போய்ச் சேர்ந்தது.

தணிகாசலம் வலை ஓரத்தை உருவிப் பார்த்தான். "ஒண்ணு விடாம இருக்குதே மாமா! வெயில்ல ஓடியாந்தியா?"

அஞ்சலாட்சி மெதுவாக நடந்து வந்தாள். "வெள்ளிக்கிழமையே வாலைப் புடுங்கிட்டேன்."

"ஏன்டி சொல்லல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். சொல்லிட்டே. போவட்டும். வேற ஏதாச்சும் எடுத்திருந்தா, கடலம்மா சாட்சியா அதையும் இப்பவே சொல்லிடு."

மன்னிப்புக் கிடைத்த சந்தோஷத்தில் சொல்தாவுக்கு நிதானம் போய்விட்டது. "வேற ஒண்ணுமில்ல. அந்த மூடி மட்டும்தான்."

"எந்த மூடி?"

அஞ்சலாட்சி யானையை வாங்கி, புல்வெளியை நகத்தால் சுரண்டினாள். செம்பு பளபளத்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தையலு, உன்னை நான் ஒண்ணும் நெனைக்கல" என்றாள் என்னைப் பார்க்காமல்.

"அப்ப என் அடுக்களையில எதைத் தேடினே?"

"நீ பாத்திரம் வெளக்குற அழகைப் பாத்தேன்."

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "யானையத் தலைகீழாக் கவுத்துட்டானா? எல்லாரும் பாத்தீங்களா? விழுந்தவன் செத்தவன்!"

மறுநாள் காலையில் தணிகாசலத்தின் வலை நிறைய மீன். மூடிதான் யானையை விட்டு வரவில்லை, வச்சிரம் அப்படி. ஆகவே இப்போது சொல்தா வீட்டில் தவலைமேல் மூடி, மூடிமேல் யானை. ஒரு செம்பு தண்ணீர் மொள்ள வேண்டுமென்றாலும் அஞ்சலாட்சி கூப்பிடுவாள், தளபதி வந்து யானையைத் தூக்குவார்.

நான் நிம்மதியாகத்தான் இருந்தேன், போன வாரம் வரை. போன வாரம் எங்கள் வீட்டுக்காரர் காகிதம் ஊறவைத்திருக்கிறார். ஒட்டகமாம். அன்றைக்கே பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டிலுள்ள மூடிகள் அத்தனையிலும் தையல்நாயகி என்று என் பேரைப் பெரிதாக வெட்டவைத்துவிட்டேன்.