எமன் காது வைத்த ரேடியோ

சொன்னது பலித்ததற்காகவே உதைபட வேண்டிய ஆள் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் பம்பாய் மாட்டுங்காவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த எமன்தான். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

திருநெல்வேலிக்காரர். ரிப்பேருக்கு வந்ததை ரிப்பேர் செய்தால் போதாதா? நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவுக்கும் நாள் குறிப்பார்! அறுபதுகளில் எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு வால்வு ரேடியோ. காபி குடிக்க வருகிற மனிதர் நேரே அதன் முதுகுப் பக்கம் போய்க் காதை வைப்பார், மோந்து பார்ப்பார், பென்சிலால் வால்வுகளைத் தட்டுவார். ஆயுள் கெட்டி என்றால், "போயிட்டு வாரேன்" என்று கிளம்புவார். இல்லையென்றால் துக்க வீட்டிலிருந்து போவதுபோல் ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிடுவார். அந்த வாரமே ரேடியோ மண்டையைப் போட்டுவிடும். கீழ் வீட்டு மாமா ஒருமுறை வாசலை மறித்து, "வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கோளேன்!" என்று கெஞ்சினார்.

"பொய் சொல்ல மாட்டேன் சாமி" என்றார் எமன். என்ன திமிர் பாருங்கள்!

அக்காவுக்கு வானொலியில் பாட வாய்ப்பு வந்தது. ஒரே ஒரு பாட்டு. நேரடி ஒலிபரப்பு என்பதால் தவறவிட்டால் திரும்பக் கேட்க வழியில்லை. அம்மாவுக்கு அதே நினைப்பாக இருந்தது. முந்தின நாள் பார்த்து வந்து சேர்ந்தார் எமன். காதை வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமி, கன்டென்சர் உறுமுது. நாளைக்குத் தாங்காது. இப்பமே குடுங்க, மாத்தித் தாரேன்."

"நாளைக்கு என் பொண்ணு பாடப்போறா. இப்போ போய் அதைப் பிரிச்சுப் போடணுமா? நன்னாத்தானே பாடறது!"

"இன்னைக்குப் பாடும், மாமி."

"வாயை அலம்புங்கோ மொதல்ல!"

அவர் வாய் திறக்காமல் படியிறங்கினார். அம்மா உட்கார்ந்து அழுதாள். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் செய்கிற வேலையா இது?

மறுநாள் கட்டடமே அவரவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அறிவிப்பாளர் அக்காவின் பெயரைச் சொன்னார். தம்பூரா கேட்டது. டப்! கருகல் நாற்றம் வந்தது, சத்தம் நின்றது. யாராவது போய்த் தன் வீட்டைத் திறந்து ரேடியோவைப் போட்டு, அதன் வால்வு சூடேறுவதற்குள் பாட்டே முடிந்துவிடும். "ஐயோ, என் குழந்தை பாடறாளே!" என்று அம்மா ரேடியோவை இரண்டு கையாலும் குலுக்கினாள்.

அந்த ஆளை உதைத்தே தீருவது என்று வாசலுக்குப் பாய்ந்தேன். தெருவில் அக்காவின் குரல்!

எதிர்ச்சாரியில் எமன் கடை. ரிப்பேர் முடிந்த ஊரார் ரேடியோக்களையெல்லாம் நடைபாதையில் அடுக்கி, அத்தனையையும் முழுச் சத்தத்தில் பாடவிட்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்ற மராட்டிக்காரர்கள்கூட வரிசையை விட்டு வந்து நின்றார்கள். அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பின்னாலேயே ஓடிய நான் திட்ட வாயெடுத்தேன்.

"ஏலே, திட்டுறத அப்புறம் திட்டு. இப்பம் கேளு" என்றார்.

ரேடியோக்களுக்கு முன்னால், அம்மா வந்து உட்கார ஒரு நாற்காலியும் துடைத்துப் போட்டு வைத்திருந்தார், படுபாவி.