உங்கள் தங்கையின் செடி மட்டும் பூத்தது பற்றி

கம்பா, கான்பெரா
ஏப்ரல், ஆன்சாக் தினத்துக்கு முந்தைய வாரம்

பெருமதிப்புக்குரிய மச்சான் வார்விக் அவர்களுக்கு, கிளைவ் பெதரிக் பணிவுடன் எழுதிக்கொண்டது. கூமாவில் தாங்களும் தங்கள் ஆடுகளும் தங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? நன்றாக இருந்தால் மகிழ்ச்சி. இப்போதைய என் மனநிலைக்குக் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் மகிழ்ச்சிதான். இங்கே நான் நலமாக இல்லை. தங்கள் தங்கை கிளெனிஸ் மிக மிக நலம். புகாரே அதுதான்.

நாற்பது வருஷமாக இந்த வீட்டில் தோட்டம் என்றால் கிளைவ், கிளைவ் என்றால் தோட்டம். டேலியாவுக்காக மலர்க் கண்காட்சியில் வாங்கிய நீல ரிப்பன்கள் ஹாலில் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் வரும்போதெல்லாம் நான்தான் இழுத்துக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். கிளெனிஸ் கை பட்டால் கடையில் வாங்கிய கொத்துமல்லித் தொட்டி ஒரு வாரம் தாங்காது. அவள் மேஜையில் ஒரு கள்ளிச்செடி தாகத்தில் செத்தது. கள்ளி, மச்சான்! அப்படிப்பட்டவள் வளர்த்த கஞ்சாச்செடி இன்று ஷெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு தெரு முழுக்க மாம்பழமாக மணக்கிறது. என்னுடையது வெறும் தழை. எனக்கு வயிறு எரிகிறது. மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

உத்தியோகத்தில் இருந்தவரை அலுவலகப் பென்சில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். வீட்டில் வளர்க்கலாம் என்று இங்கே சட்டம் வந்தபோது முழுவதையும் அச்செடுத்து, அடிக்கோடு போட்டுப் படித்தேன். ஆளுக்கு இரண்டு செடி, வீட்டுக்கு மொத்தம் நான்கு. வெட்டவெளியில்தான் வளர்க்க வேண்டும், செயற்கை வெளிச்சமோ சூடோ கூடாது. வெளியாள் கைக்கு எட்டக் கூடாது. யாருக்கும் கொடுக்கக் கூடாது, இனாமாகக்கூட. ஓய்வுபெற்ற பிறகு பொழுது போக வேண்டுமே என்று போன வசந்தத்தில் இறங்கினேன். விதை எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த விஷயத்தில் சட்டம் கொஞ்சம் முறைக்கிறது, காற்றில் வந்து விழுந்ததாக வைத்துக்கொள்வோம். வெப்பநாட்டுச் சாட்டிவா இனம். ஆள் உயரம் தாண்டும், பூத்தால் பழுத்த மாம்பழ வாசனை என்று பேச்சு. நான்கு விதை, நான்கும் முளைத்தன. கணக்குக்கு ஆளுக்கு இரண்டு என்றாலும் நான்கையும் நான்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என் ரெண்டை நானே பாத்துக்கறேன் கிளைவ்" என்றாள்.

"நீயா? அந்தக் கள்ளி ஞாபகமிருக்கா?"

"அது ஆபீஸ் மேஜை. இது மண்ணு. பாப்போமே" என்றாள். அந்த 'பாப்போமே'யிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அப்போது காலைக் குளிர் விடவில்லை. தன் நாற்றுகளை அறைக்குள் படிக்கிற விளக்குக்கு அடியில் கொஞ்ச நாள் வைக்கட்டுமா என்று கேட்டாள். நான் சட்டத்தை எடுத்துவந்து அடிக்கோடு போட்ட இடத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். "செயற்கை வெளிச்சம் குற்றம், கிளெனிஸ். இந்த வீட்டுல அது நடக்காது." சரி என்று ஜன்னலோரத்தில் வைத்தாள். நவம்பரில் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் முடிந்த பிறகு, தக்காளியோடு தக்காளியாக வெளியில் நட்டோம். கராஜ் சுவரோரம், நாள் முழுக்க வடக்கு வெயில் விழும் இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அனுபவஸ்தன் என்ற முறையில்தான். அவளுக்கு ஷெட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு மூலை கொடுத்தேன். மத்தியானத்துக்கு மேல் வெயில் எட்டிப் பார்க்காது. முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் குதிரைச் சாணம் போட்டேன், கடற்பாசிக் கரைசல் ஊற்றினேன், மண்ணைப் பரிசோதித்தேன். தங்கள் தங்கை குடித்து மிச்சமான ஆறின டீயை ஊற்றினாள். ரேடியோவைத் தொட்டிமேல் வைத்துச் செடிகளுக்கு கிரிக்கெட் வர்ணனை போட்டாள். நான் சிரித்தேன், மச்சான். மனசாரச் சிரித்தேன். கடைசியாகச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று நடந்ததற்கு நீங்களே சாட்சி. ஒரு கையில் இறாலும் ஒரு கையில் பீரும் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தீர்கள். என் செடிகள் உங்கள் தோளுக்கு நின்றன. அவற்றின் பக்கத்தில் நின்று நீங்கள் சொன்னது "ம்". ஒரே ஒரு 'ம்'. அப்புறம் ஷெட்டுக்குப் பின்னால் போய், "அடேங்கப்பா கிளெனிஸ்! இது என்ன, கிளை கிளையா கும்முனு வந்திருக்கு!" என்று கத்தினீர்கள். அந்த 'அடேங்கப்பா' அன்றைக்கு ஹாம் இறைச்சி தொண்டையில் இறங்காமல் செய்தது. ஒரு டீத்தண்ணிச் செடி கும்மென்று வருமா? வராது. நான் அசந்த நேரம் பார்த்து அவள் ஏதோ ரகசியமாகப் போடுகிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

எனவே ஜனவரியில் கராஜ் சுவரில் ஒரு விளக்கு மாட்டினேன். ஆள் நடமாடினால் எரியும் விளக்கு, ஷெட்டுக்குப் போகிற வழியைப் பார்த்தபடி. கிளெனிஸிடம் திருடனுக்காக என்றேன். மாட்டிக்கொண்டதெல்லாம் யூகலிப்டஸ் மரத்திலிருந்து இறங்குகிற, பூனையளவு போசம் விலங்கு ஒன்றுதான். அது கூரைக்கும் வேலிக்கும் நடந்து நடந்து விளக்கை அணைத்துக் கொளுத்தி என் தூக்கத்தைக் கெடுத்ததால், பொத்தானைத் திருப்பி விடிய விடிய எரியும்படி வைத்துவிட்டேன். பளீரென்ற விளக்கு. என் செடிகள் இரண்டும் அதற்கு நேர் கீழே கல்யாண வீட்டு வாழை மாதிரி ஜொலித்தன. ஒரு தடவை தங்கள் தங்கை குப்பை போட வந்தாள். ஜன்னலில் என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனாள். கல்லுளிமங்கி.

பிப்ரவரி கடைசியில் அவள் செடிகளில் நுனிக்கு நுனி வெள்ளை நூலாகப் பூ வைக்க ஆரம்பித்தது. மார்ச்சில் வாசனை கிளம்பியது. முதலில் பச்சை மாங்காய், பிறகு பழம், அதற்குமேல் கொஞ்சம் அன்னாசி. பொய் சொல்லமாட்டேன் மச்சான், அப்படி ஒரு வாசனை! அதுதான் தாங்கவில்லை. என்னுடையது கராஜ் கூரையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனது, ஒரு பூ இல்லை. பக்கத்து வீட்டு ஸ்லாவ்கோவைத் தெரியுமே, மனைவி போன பிறகு வேலியே கதியென்று சாய்ந்து கிடக்கிற மனிதர். அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "கிளெனிஸ், உங்களுக்கு ராசியான கை" என்றார். நாற்பது வருஷமாக அந்த வேலிக்கு மேல் என் டேலியாவைப் பார்த்திருக்கிறார். என் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதோடு விட்டாரா? "கிளைவ், உன்னோடது நல்லா நிழல் தருதுப்பா" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைத் தாங்கள் நம் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறின டீ ஊற்றினேன். கிரிக்கெட் பருவம் முடிந்துவிட்டதால் ஃபுட்டிப் பந்தாட்ட வர்ணனை போட்டுப் பார்த்தேன். கடைசியில், மானம் கெட்டுப்போய், கடையில் மிஞ்சியிருந்த மாம்பழங்களை வாங்கித் தின்று தோலை என் செடிகளின் அடியில் தழைக்குள் மறைத்து வைத்தேன். சாயங்காலம் ஸ்லாவ்கோ வேலியில் நிமிர்ந்தார்.

"ஆகா! கிளைவ், உனக்கும் வந்துடுச்சே!"

"வராம? கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். எறும்பு வரிசையாகப் போவதைப் பார்த்தார். எறும்பு போன இடத்தையும் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். "எங்க வீட்டுலயும் தோல் இருக்கு, கொண்டாரட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டார். அன்றைக்குப் போசம் குடும்பத்தோடு வந்து தோலோடு சேர்த்து என் கீழ்க்கிளையையும் முறித்துவிட்டுப் போனது.

இப்போது தினமும் சாயங்காலம் நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். வேவு பார்க்கத்தான். "என்ன பண்ற கிளெனிஸ்? இப்ப என்ன ஊத்தின? இந்த இலையை ஏன் கிள்ளின?" என்று கேட்கிறேன். எதற்கும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறாள், அதில்தான் அவள் சூது இருக்கிறது. குளிரத் தொடங்கியதிலிருந்து டீ எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவருகிறாள். மிச்சத்தைச் செடிக்கு ஊற்றச் சொல்லுவாள். ஊற்றித் தொலைக்கிறேன். போன ஞாயிறு, "அறுவடை பண்ணா பாதி உனக்குத்தான் கிளைவ்" என்றாள். "யாருக்கும் கொடுக்கக் கூடாது, சட்டம்" என்றேன். "நான் உன் பொண்டாட்டி" என்றாள். "சட்டத்துல பொண்டாட்டிக்கு விதிவிலக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தேன். மாம்பழ வாசனை.

இனி எந்த நாளிலும் உறைபனி விழலாம். அவள் அறுத்துவிடுவாள். என்னுடையது ஒரு பூவைப் பார்க்காமல் கருகும். செடி போனால் போகட்டும், இந்த வீட்டில் தோட்டக்காரன் யார் என்ற கேள்விக்கு நாற்பது வருஷமாக ஒரே பதில்தான் இருந்தது. இப்போது ஸ்லாவ்கோவைக் கேட்டால் வேறு பதில் வரும். எனவே தாங்கள் ஆன்சாக் விடுமுறைக்குக் கட்டாயம் வந்து, அண்ணன் என்ற முறையில் தங்கையை உட்காரவைத்து, என்ன போட்டாள் என்ற உண்மையை என் முன்னால் கேட்டு வாங்க வேண்டும். ஸ்லாவ்கோ வேலியருகே இருக்கும் நேரமாகப் பார்த்து, உயரத்தில் என் செடிதான் பெரியது என்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்ல வேண்டும். 'அடேங்கப்பா' கேட்கவில்லை. 'ம்' மட்டும் வேண்டாம்.

தங்கள் ஆடுகள் நிறையக் குட்டி போடட்டும், முதுகு நிமிரட்டும், கூமாவில் இந்த வருஷம் குளிர் தங்களை மட்டும் விட்டுவைக்கட்டும்.

தங்கள் நலம் நாடும், ஒரு பூவும் பூக்காத,
கிளைவ்

பி.கு.: வார்விக் அண்ணா, நான் கிளெனிஸ் எழுதறேன். ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லி இதை என்கிட்டதான் கொடுத்தார். ஆயுசுல ஸ்டாம்ப் இருக்கிற டிராயர் எதுன்னு அவருக்குத் தெரியாது. உறையும் ஒட்டலை, அதனால படிச்சேன்.

ரகசியம்னு ஒண்ணுமில்லை. ஸ்லாவ்கோ வீட்டு வாசல்ல சாமந்தி இருக்கில்ல, அன்னையர் தினத்துக்கு எல்லார் வீட்டிலும் பூக்குமே, தெருவிளக்கு வந்ததிலிருந்து அவர் வீட்டுல மட்டும் பூக்கறதில்லை. ராத்திரி நீளணும், இருட்டு இருட்டா இருக்கணும், அப்பதான் சில செடிக்குப் பூக்கவே தோணும்னு அவர்தான் சொன்னார். எங்க செடியும் அந்த ஜாதி. ஷெட்டுக்குப் பின்னாடி கும்மிருட்டு. அந்த மூலையை எனக்குக் கொடுத்தது கிளைவ். கராஜ்ல விடிய விடிய விளக்கு எரிய விட்டதும் கிளைவ். இந்த வீட்டுல செயற்கை வெளிச்சத்துல செடி வளர்க்கிற ஒரே ஆள், சட்டத்தை அடிக்கோடு போட்டுப் படிச்சவர்தான்.

மார்ச் மாசமே எனக்குப் புரிஞ்சு போச்சு. சொல்லத்தான் போனேன். அன்னைக்குச் சாயங்காலம் பின்னாடி வந்து நின்னு, "என்ன பண்ற கிளெனிஸ்?"னு கேட்டார். நாற்பது வருஷத்துல நான் என்ன பண்றேன்னு அவர் கேட்டதே இல்லை அண்ணா. தோட்டத்துல நான் குறுக்கே வந்தா, 'பாத்து, மிதிச்சுடாதே'ம்பார், அவ்வளவுதான். இப்ப தினம் வர்றார். டீ குடிக்கிறார். திட்டிக்கிட்டே முகர்ந்து பார்க்கிறார். விளக்கு விஷயம் தெரிஞ்சா அவர் பக்கம் பூத்துடும், அப்புறம் என் பக்கம் எதுக்கு வருவார்? அதனால நீ வர வேண்டாம். வந்தா உளறிடுவே. அடுத்த வருஷமும் அந்த விளக்கு எரியட்டும்.

பின்னும் ஒரு பி.கு.: மச்சான், அவள் ஸ்டாம்ப் ஒட்டி வைத்ததைத் தபால்பெட்டியில் போடும் முன் பிரித்துச் சரிபார்ப்பது என் உத்தியோக வழக்கம். படித்துவிட்டேன். என் இத்தனை பக்கத்தைவிட அவளுடைய அரைப் பக்கம் நன்றாக இருக்கிறது, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. விளக்கை அணைக்கத்தான் போனேன். பொத்தானில் கை வைத்ததும் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து, "கிளைவ், டீ ஆறுது" என்றாள். விளக்கை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். தாங்கள் வர வேண்டாம்.