கூரையைக் காணவில்லை

மடத்துவெளி,
புங்குடுதீவு.
புரட்டாதி மாதத் தொடக்கம்.

அன்புள்ள தம்பி தில்லைநாதனுக்கு,

நீயும் உன் மனைவி கோசலாவும் சேர்ந்து எனக்கு ஓர் அநியாயம் செய்திருக்கிறீர்கள். எங்களைப் பெற்ற அப்பு கட்டிய வீட்டின் கூரையை எனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டீர்கள். இதை முதலில் எழுதாவிட்டால் சுகம் விசாரிக்கிற அவசரத்தில் விட்டுப்போகும். இனிச் சுகம். கோயில் அம்மாள் காவலில் நானும் உன் அண்ணி நல்லம்மாவும் நலம். கனடாவில் உங்களையும் அவளே பார்த்துக்கொள்ளட்டும். கூரைக்குத்தான் சுகமில்லை.

ஆடியில் நீங்கள் வந்து நின்றபோது நான் கண்புரை வெட்ட யாழ்ப்பாணம் போனேன். திரும்பி வந்து நடு அறையில் சாய்மனைக் கதிரையில் சரிந்து மேலே பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. வெட்டின கண் போய்விட்டது என்று கத்தினேன். நல்லம்மா வந்து, "கண்ணுக்கு ஒண்டுமில்லை. அது சீலிங்" என்றாள். கோசலாவின் தேத்தண்ணிக்குள் ஓட்டுத் தூசி விழுந்ததாம், கட்டிலில் பல்லி விழுந்ததாம், அதற்காக வீடு முழுக்க ஓட்டுக்குக் கீழே வெள்ளை மட்டை அடித்தீர்களாம். சாட்டிக் கடலில் நின்று எத்தனை படம் அனுப்பினாய், அதோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அதன்பிறகு சோளகம் இந்த வருடம் பேய்க்காற்றாக வீசியது. எந்த ஓடு நகர்ந்தது என்று உள்ளேயிருந்து பார்க்க வழியில்லை. போன கிழமை பெய்த முதல் மழையோடு சீலிங்கில் யன்னல் பக்கமாக ஓர் ஈரம், இலங்கைப் படம்போல. அதற்கு நேர்மேலே இருந்த ஓடுகளை வெளியே நின்று பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. தண்ணீர் எங்கோ விழுந்து, சீலிங்கின் முதுகில் ஊர்ந்து, தனக்குப் பிடித்த இடத்தில் இறங்குகிறது. சீலிங் அடித்த சுதாகரனைக் கூப்பிட்டேன். "ஐயா, சீலிங் சுப்பரா இருக்கு. தண்ணி மேலயிருந்தெல்லோ வருது" என்றான். "மழை வேற எங்கயிருந்தடா வரும்?" என்று கேட்டேன். கூரை தன்னுடைய வேலையில்லை என்று போய்விட்டான். ஓடு மாற்றுகிற ஆளோ, சீலிங் இருக்கிற வீட்டில் கை வைக்க ஏலாது என்கிறார். உனக்கு வீடியோவில் காட்டினால் நீ, "அண்ணை, உது சின்ன நனைவுதானே, பெயின்ற் அடியுங்கோ" என்கிறாய். பின்னால் நின்று கோசலா, "ஓட்டைக் கழட்டிப்போட்டுக் கொங்கிறீற் போடுவம்" என்கிறாள்.

தம்பி, அப்பு மாத்தறைக் கடையில் உழைத்து, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்த ஓடு அது. சோளகம் அடங்கியதும் அவர் என்ன செய்வார் என்று உனக்கு மறந்துபோச்சோ? நல்ல வெயில் நேரம் பார்த்துக் கதவு யன்னலெல்லாம் சாத்துவார். நடு அறை கும்மிருட்டாகிவிடும். அவரும் நீயும் பாயில் மல்லாந்து படுப்பீர்கள். ஓடு வெடித்த இடமெல்லாம் வெளிச்சப் பொட்டுகளாகத் தெரியும். நீ நீண்ட கொக்கத்தடியால் அந்த ஓட்டைத் தட்டுவாய், கூரைமேல் குந்தியிருக்கிற நான் மாற்றுவேன். "அண்ணை, இன்னும் முகட்டுப் பக்கம்! அதில்லை, அதுக்கு மேல!" என்று நீ போடுகிற சத்தம் வேலி கடந்து கேட்கும். அப்புவின் கண்ணுக்குத் தப்பியதும் உனக்குத் தப்பாது. ஆனால் ஒரு பொட்டை மட்டும் நீ சொல்லாமல் ஒளித்தாய். விடிய அந்த வெயில் உன் பாயில் வந்து விழும், உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டு படுத்திருப்பாய். ஐப்பசி மழைக்குப் பாயோடு நனைந்தபோதுதான் பிடிபட்டாய். அம்மா அடிக்க வந்தபோது அப்பு சிரித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிச் சிரித்ததை நான் அதன்பிறகு அதிகம் பார்க்கவில்லை.

நேற்று நானே ஏணி வைத்து, ஒரு மட்டையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டேன். கீழே நின்று நல்லம்மா, "இஞ்சேருங்கோ, தலை மட்டும் போதுமோ, முழு ஆளையும் மேல அனுப்பப் போறியளோ?" என்றாள். "வாயைப் பொத்திக்கொண்டு ஏணியைப் பிடியப்பா" என்றேன். முகட்டு ஓடு விலகியிருக்கிறது. ஓட்டைத் தாங்கும் சலாகைகள் ஊறிப்போயின. கறையான் சுவரில் மண்பாதை போட்டு, அறையைக் குறுக்கே தாங்குகிற தீராந்திவரை ஏறிவிட்டது. ஐப்பசி மழை அதில் விழுந்தால் நடு அறை எங்கள் தலையில். அந்த இருட்டுக்குள் பொட்டுகளும் இருந்தன, தம்பி. ஆனால் ஒவ்வொன்றும் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. வெட்டாத மற்றக் கண்ணின் வேலை. என்னை நம்பித் தட்டினால் நல்ல ஓடுதான் உடையும்.

ஆகவே, சுதாகரன் வந்து எல்லா மட்டையையும் கழற்றவேண்டும். கோசலா தன் தேத்தண்ணியை மூடிவைத்துக் குடிக்கவேண்டும். கொங்கிறீற் கதையை நீ விடவேண்டும். ஐப்பசிக்கு முன் வந்து சேரவேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கு மட்டும், நீ வந்த பிறகு.

அண்ணன்,
இராசநாயகம்

பி.கு: கடிதத்தை நல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோசலாவிடம் சீலிங் அடிக்கச் சொன்னதே தான்தானாம். பல்லியும் தூசியும் சும்மா சொன்ன சாட்டாம். "கூரை கண்ணில பட்டால்தானே வருசா வருசம் ஏறுவியள். இந்த வயசில விழுந்தால் ஆர் தூக்கிறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கிறாள். எழுதியதை இனி வெட்ட மாட்டேன். அவளோடு சண்டை பிடிக்கவும் மாட்டேன், எனவே குற்றம் உன்னிடமே இருக்கட்டும். நீ பாயில் படுத்துப் பார்த்துச் சொல். ஓடு மாற்றுகிறவர் ஏறட்டும். நல்லம்மா ஏணியடியில் நின்று நான் ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும்.