ஒரு டப்பா வெள்ளி

"அம்மா, அப்பா டயருக்கும் சேத்து வெள்ளி அடிச்சிட்டாரு!"

மகள் போட்ட சத்தத்தில் டெய்லர் கையிலிருந்த வெள்ளி பெயிண்ட் ஸ்பிரே டப்பாவை இன்னொரு தடவை அழுத்திவிட்டார். இந்தத் தடவை செருப்புக்கு.

எல்லாம் அவள் போன வாரம் சொன்னதால் வந்த வினை. "அவரோட அப்பா கார் பைத்தியம்ப்பா. ஆளைப் பாக்குறதுக்கு முன்னாடி சக்கரத்தைத்தான் பாப்பாராம்." அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனின் அப்பாவும் அம்மாவும் இன்று பதினோரு மணிக்கு முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். டெய்லரின் காரோ மகளைவிட இரண்டு வயது மூத்தது. நாலு சக்கரமும் துரு. தங்கமான பெண்ணுக்குத் தன் காரே தடையாகிவிடுமோ என்ற பயத்தில் மனிதருக்கு ஒரு வாரமாகச் சாப்பாடே இறங்கவில்லை.

"ஒரு டப்பா பெயிண்ட். அதுக்கு மேல கேட்டா எனக்குக் காது கேக்காது" என்று மனைவி முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

டயரை மறைக்க டெய்லர் செய்தித்தாளை அளவெடுத்து வட்டமாக வெட்டினார். வெட்டு கச்சிதம். ஆனால் தொழில் பழக்கத்தில், ஒட்டாமல் குண்டூசி குத்திவிட்டார். காற்று ஒரு வீசு வீசியது, காகிதம் பறந்தது.

தின்னரால் துடைத்தார். வெள்ளி போகவில்லை, சாம்பலாகி டயர் முழுக்கப் பரவியது. அதன்மேல் கறுப்பு ஷூ பாலிஷைத் தேய்த்தார். டயர் பளபளத்தது. கூடவே, இன்றைக்கென்றே தைத்து வைத்திருந்த அவருடைய வெள்ளைச் சட்டையும் பாதி கறுத்தது.

"கோட்டைப் போட்டு மறைச்சுக்கறேன்" என்றார்.

"இந்த வெயில்லயா?"

"வேற வழி?"

இரண்டாவது சக்கரம் முடியும்போது டப்பா 'புஸ்' என்று உயிரை விட்டது.

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்கேங்க!" என்றாள் மனைவி.

"நான் தைக்கிற கோட்டுக்கு வெளியில ஒரு துணி, உள்ள ஒரு துணி. இதுவரைக்கும் யாராவது திருப்பிப் பாத்திருக்காங்களா? இடது பக்கம் முடிஞ்சுது. வலது பக்கத்தைச் சுவரோட ஒட்டி நிறுத்திட்டாப் போச்சு!"

சந்தில், தன் வீட்டுச் சுற்றுச்சுவரை உரசுகிறாற்போல் நிறுத்தினார். துரு மறைந்தது. ஆனால் அவர் பக்கத்துக் கதவைத் திறக்க இடமில்லை. கியர்மேல் ஏறித் தவழ்ந்து அந்தப் பக்கமாக இறங்கும்போது, கோட்டின் முதுகு 'டர்ர்' என்று மேலிருந்து கீழ்வரை பிரிந்தது. இனி காரைப் போலவே அவரையும் ஒரு பக்கம் மட்டும்தான் பார்க்கலாம். வேறு கோட்டு எடுக்க நேரமில்லை. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

பதினோரு மணிக்கு ஒரு கார் சந்துக்குள் நுழைந்தது, முழுக்க ரிவர்ஸிலேயே. அப்படியே வந்து எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றது.

'சும்மாவா சொன்னாங்க, கார் பைத்தியம்னு!' டெய்லர் முதுகை இன்னும் இறுக்கமாகச் சுவரில் அழுத்திக்கொண்டார்.

முதலில் பையனின் அம்மா இறங்கினாள். அவள் பின்னாலேயே, அதே கதவு வழியாக, பையனின் அப்பா தவழ்ந்து இறங்கினார்.

"அந்தக் கதவு கொஞ்சம் மக்கருங்க" என்றவர், டெய்லரின் சக்கரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "அடேயப்பா! கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்களே!"

"உங்களோடதும் ஜொலிக்குதுங்க."

மகள் வாசலில் நிம்மதியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு கோட்டைக் கிழித்துக்கொள்ளலாம் என்று டெய்லருக்குத் தோன்றியது.

அப்போதுதான் சந்து முனையில் ஹார்ன் அலறியது. கட்டில், பீரோவோடு வீடு மாற்றும் லாரி ஒன்று.

"ரெண்டு காரும் நின்னா நான் எப்படி உள்ள வர்றது? எடுத்து இந்த முனையில இருக்கிற மைதானத்துல போடுங்க!" என்று கத்தினார் லாரி டிரைவர்.

டெய்லருக்கு வியர்த்தது. "நீங்க முதல்ல எடுங்க. விருந்தாளி."

"ஐயோ, வீட்டுக்காரர் இருக்கும்போது நான் முந்தலாமா? நீங்க எடுங்க."

"வயசுல பெரியவர் நீங்க."

"பொண்ணைப் பெத்தவர் நீங்க."

இந்த மரியாதை நாலு நிமிடம் நீடித்தது. லாரி விடாமல் அலறியது. டெய்லர் மகளை ஒரு தடவை பார்த்தார். 'மன்னிச்சிடும்மா' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கிழிந்த முதுகை ஊருக்கே காட்டியபடி காருக்குள் தவழ்ந்தார். மைதானத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பக்கத்தில் மற்ற காரும் வந்து நின்றது. அதன் ஸ்டியரிங்கிலும் ஒரு தலை கவிழ்ந்தது.

சந்துக்குள் திரும்புவதற்காக இரண்டு கார்களையும் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிய லாரியின் ஜன்னலிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏன் சார், ஒரு டப்பா பெயிண்ட்டை ஆளுக்கு ரெண்டு சக்கரமா பிரிச்சு அடிச்சிருக்கீங்களே, நீங்க ரெண்டு பேரும் என்ன சம்பந்திங்களா?"